வாடகைக்குப் பதில்

என்னை வரைந்தவன் மூன்று மாத வாடகை பாக்கி.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
இப்போது பிரஸ்ஸல்ஸில் அந்தப் படத்தின் முன் நின்று
மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்களாம்.

கெண்ட் நகரம், லெய் ஆற்றங்கரை,
தொள்ளாயிரத்து ஒன்பது, பிப்ரவரி.
லினன் ஆலைச் சங்கு ஊதினால்
ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும் வீடு.
மாடி அறை ஃபிளோரிமோனுக்கு.
மீதியெல்லாம் எனக்கும்
அடுப்பில் வரிசையாய்க் காயும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும்.

பணமில்லை கொடலீவா, படம் தருகிறேன் என்றான்.
படத்தைக் கொடுத்தால் கரி தருவார்களா என்றேன்.
சிரித்தான்.
பல்லில்கூட நீலம்.

மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நிறுத்தி
முதுகைக் காட்டச் சொன்னான்.
எனக்கென்ன, பழக்கம்தான்:
ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கணவன் கப்பலேறியபோது
முதலில் திரும்பி நடந்தவள் நான்.

முகம்?
முகம் போட்டால் எல்லோரும் அதையே பார்ப்பார்கள்,
அறையை யார் பார்ப்பது, என்றான்.
அறையை நான் பார்க்கிறேன், தினமும்,
விளக்குமாற்றோடு, என்று சொல்ல வாயெடுத்தேன்.
அசையாதே என்றான்.

எட்டு நாள்.
சிக்கரிக் காபி ஆறும், இஸ்திரிப் பெட்டி ஆறும்,
நோட்டரி வீட்டுச் சட்டைகள் கூடையில் சுருங்கிக் கிடக்கும்.
டர்பன்டைன் வாசம் ரொட்டியிலும் ஏறியது.
எதிர்வீட்டு மெலானி வந்து எட்டிப் பார்த்தாள்:
கழுத்து ஏனடி பச்சையாய் இருக்கிறது,
எவனாவது நெரித்தானா?
ஜன்னல் வெளிச்சம் அப்படி, என்றான் அவன்.

என் ஜன்னலை எனக்குத் தெரியாதா,
துடைப்பவள் நான்.
அதில் பச்சை கிடையாது.

ஒன்பதாம் நாள், நான்கு மணி இருக்கும்,
கந்தலை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.
இருந்தது.
கொஞ்சம்.
அவனிடம் சொல்லவில்லை.

மேசையின் ஒரு கால் குட்டை.
பழைய தேவாலயப் பாட்டுத்தாளை நாலாய் மடித்து
முட்டுக் கொடுத்திருந்தேன்.
அதை விட்டுவிட்டான்.
படத்தில் மட்டும் என் மேசை ஆடுவதில்லை.

ஏப்ரலில் ஓர் இரவு போய்விட்டான்.
கட்டிலில் படம்,
தரையில் முடி உதிர்ந்த ஒரு தூரிகை,
தட்டில் காய்ந்த பாலாடைக்கட்டி.
சுவரில் ஈரம் பூத்த இடத்தை மறைக்க
ஆணியடித்து மாட்டினேன்.
நடுவில் ஒரு போர் வந்தது, போனது.
ஜெர்மன் சிப்பாய் ஒருவன் அதற்கு நேரெதிரே உட்கார்ந்து
உருளைக்கிழங்கு தின்றான்,
ஒருமுறையும் தலை நிமிராமல்.

பதினாலு வருஷம் கழித்து
பிரஸ்ஸல்ஸ்காரர் வந்தார்.
கையுறையைக் கழற்றவில்லை.
ஆயிரத்து நானூறு ஃபிராங்க் என்றார்,
நான் வாய் திறக்குமுன் ஆயிரத்து அறுநூறு என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
வலது கை ஏப்ரன் பைக்குள் இருக்கிறதே,
அந்தச் சாம்பல் நிற மேடு,
அதற்குள் அல்லவா
ஒரு பெண்ணின் மௌனம் முழுவதும் இருக்கிறது!

அதற்குள் இருந்தது ஒரு காகிதம்.
என் கோணல் எழுத்தில்:
சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யவும்.
எட்டு நாளும் கொடுக்கத்தான் கொண்டுபோனேன்.
எட்டு நாளும்
அசையாதே என்றான்.

பிரஸ்ஸல்ஸ்காரரிடம் இதைச் சொல்லவில்லை.
விலையைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம்தான், வேறென்ன.
ரசீது கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்:
மாடி அறை, மூன்று மாத வாடகை, பெறப்பட்டது.
படித்துவிட்டு நல்ல நகைச்சுவை என்றார்.

வண்டி போன பிறகு சுவரைப் பார்த்தேன்.
ஈரம் படத்தின் விளிம்புவரை வளர்ந்து
நான்கு மூலையும் பிசகாமல் நின்றிருந்தது.
பணத்தை எண்ண மேசையில் கை ஊன்றினேன்.
ஆடியது.
மணி நான்காகப் போகிறது.
எண்ணுவதை நிறுத்திவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.